பீதி என்றால் காபி

மார்ச் 4

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இன்று ஓட்டமாய் ஓடிவிட்டார்.

நான் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். அழைப்பு மணி கேட்டு இவர்தான் மெதுவாக எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறார். சிலிண்டரை இடது கையால் காட்டி, ரொம்ப மரியாதையாக, "பீதி" என்றிருக்கிறார். உள்ளே கொண்டுவாங்க என்று அர்த்தம். அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? சிலிண்டரை வாசலிலேயே விட்டுவிட்டு, காற்றை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே படி இறங்கியிருக்கிறார். நான் பாதி வழியில் பிடித்தேன்.

"கசியுதா மேடம்? ஸ்விட்ச் எதையும் போடாதீங்க!"

"ஒண்ணும் கசியலைங்க. என் கணவருக்கு ஜனவரியில பக்கவாதம் வந்து பேச்சு போயிருச்சு. அந்த ஒரு வார்த்தைதான் வாயில வருது."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கு வேற நல்ல வார்த்தையா ஒண்ணு வந்திருக்கக் கூடாதா மேடம்?"

ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இவரும் சிரித்தார். வாயின் வலது ஓரம் இன்னும் மேலே ஏறவில்லை. பரவாயில்லை, இடது ஓரம் அதற்கும் சேர்த்துச் சிரித்தது.

மார்ச் 5

எழுதினால் மனசு லேசாகும் என்று மகள் சொன்னாள். அவள் சொன்னதற்காக எழுதவில்லை. விரல் சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

பத்திரிகை ஆபீசில் தட்டச்சு செய்து வளர்ந்த விரல்கள். வெளியூர் நிருபர்கள் போனில் செய்தி சொல்வார்கள், நான் காதில் வாங்கி அடிப்பேன். "நேற்று மாலை திடீரென" என்று அவர்கள் இழுக்கும்போதே "ஏற்பட்ட தீ விபத்தில்" என்று நான் அடித்து முடித்திருப்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எப்போதாவது தீ விபத்து இல்லை, மழை என்று ஆகிவிடும், திட்டு விழும். இருந்தாலும் என் வேகத்துக்கு அந்த ஆபீசில் ஆள் கிடையாது. 

இவர் அங்கே துணை ஆசிரியர். தலைப்புப் போடுவதுதான் முக்கிய வேலை. கல்யாணமான அன்று, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து "உனக்கு..." என்று ஆரம்பித்தார். "பிடிச்சிருக்கு" என்றேன் நான். "தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றார். அன்றிலிருந்து இப்படித்தான். அவர் பாதி சொல்வார், மீதி என்னுடையது. அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

இந்தப் பீதி என்ற வார்த்தையோடு இவருக்கு ஆபீசில் தினமும் மல்லுக்கட்டு. இரண்டே எழுத்து, ஒற்றைப் பத்தித் தலைப்பில் கச்சிதமாக உட்காரும். "வானில் மர்ம ஒளி: மக்கள் பீதி." "குழாயில் மஞ்சள் தண்ணீர்: மக்கள் பீதி." இவருக்கு எரிச்சலாக வரும். மேஜையைத் தட்டிப் பாடம் எடுப்பார். "யோவ், ஒருத்தனுக்கு வந்தா பயம். திடுக்குன்னு வந்தா திகில். அடிவயித்துல இறங்குனா கிலி. ஒருத்தன்கிட்டருந்து இன்னொருத்தனுக்குத் தொத்திக்கிட்டு ஊரே ஓடுது பாரு, அதுக்குப் பேர்தான் பீதி. மஞ்சள் தண்ணிக்கு எவன்யா ஓடினான்?" பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில் வேறு வார்த்தை இடத்துக்குள் அடங்காது. அவரே பீதி என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

தலைக்குள் இருந்த அத்தனை வார்த்தையும் போய், அவர் திட்டித் தீர்த்த அந்த ஒன்று மட்டும் தங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நர்ஸ் குனிந்து, "சார், உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். "பீதி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் யாரைப் பார்ப்பது?

மார்ச் 9, ஞாயிறு

எனக்கு இப்போது இவருடைய பாஷை நன்றாகவே பிடிபட்டுவிட்டது. வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தைக் கேட்க வேண்டும். மேலே போய்ச் சட்டென்று இறங்கினால் காபி. "பீ"யை இழுத்தால் ஜன்னலைத் திற. இரண்டு தடவை அடுக்கிச் சொன்னால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறை. மூக்கால் சொன்னால் வலிக்கிறது. ஓட்ஸ் கஞ்சி கொடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாரே, அது "நல்லா இருக்கு".

எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர் பார்க்க வந்திருந்தார். இவர் அவரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார், பீதி பீதி என்று ஒரு பத்தி முழுக்க. அவர் திருதிருவென்று விழிக்க, நான் எடுத்துச் சொன்னேன்: "உங்க பையனுக்கு வேலை கிடைச்சுதான்னு கேக்கறாரு." 

"அடேயப்பா! எப்படிம்மா புரியுது?"

"பழக்கந்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மார்ச் 15

பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தோம். சொல்லித்தரும் பெண்ணுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பேச்சு டீச்சர். மகள் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்துவதே இல்லை. இவரைக் குழந்தை மாதிரி நடத்தாததால் இவருக்கும் அவளைப் பிடித்திருக்கிறது.

ஒரு குவளைப் படத்தைக் காட்டினாள். இவர் அதையே பார்த்தார். உதடு குவிந்தது, பிரிந்தது, குவிந்தது. வேர்த்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "குவளை" என்றேன்.

"அம்மா" என்றாள் பேச்சு டீச்சர், மெதுவாகத்தான். "சார் தேடிட்டு இருக்காரு. நீங்க எடுத்துக் கொடுத்துட்டா அவர் தேடறதை நிறுத்திடுவாரு."

"சரிம்மா, சரிம்மா."

அடுத்த படம் குடை. "குடை" என்றேன். என் வாய் எனக்கு அடங்கவில்லை. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். அந்த நீள பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கதவுக்குள் அடுத்து என்ன படமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். இவருக்கு நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. சொல்ல வரும்போதுதான் வழி அடைத்துக்கொள்கிறது. சில சமயம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாராம். "ரெண்டு விஷயத்தை முன்னால வைங்க, அவரே தொட்டுக் காட்டட்டும். காட்டற வரைக்கும் காத்திருங்க." 

எனக்கு அதெல்லாம் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் ராகம் தெரியுமே.

மார்ச் 23, ஞாயிறு

மகள் போன் செய்தாள். வழக்கம்போல அப்பா சாப்பிட்டாரா, தூங்கினாரா, மாத்திரை போட்டாரா. பிறகு தொண்டையைச் செருமினாள். அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ பெரிதாக வருகிறது.

"அம்மா, ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க. அந்த வீட்டைக் காலி பண்ணிடலாம். உங்க மாப்பிள்ளையும் சொல்லிட்டாரு. அங்க நீ தனியா என்ன பண்ணுவ? திருப்பி ஏதாவது..."

முடிக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் நானும் முடிக்கவில்லை.

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். போனை வைத்ததும், என்னைக் கேட்காமல், உடம்பு அப்படியே தளர்ந்து நாற்காலியில் விழுந்தது. சுமையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. நான் ஒன்றும் தாங்கமுடியாமல் இல்லை. நன்றாகத்தான் சமாளிக்கிறேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

மார்ச் 24

காலையில், காபி குடித்து முடித்த பிறகு, கேட்டேன். "பாப்பா அவ வீட்டுக்கே வரச் சொல்றா. ஒரேயடியா. போயிடலாமாங்க?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக உட்காரும் அதே நாற்காலி. கீழே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், சைக்கிள் கடை, அந்தப் பாதி கட்டி நிற்கும் கட்டடம் எல்லாம் தெரியும். ரொம்ப மெதுவாக, "பீதி" என்றார்.

மெதுவாகச் சொன்னார். கோபமில்லை. மூக்கால் சொல்லவில்லை. இழுக்கவுமில்லை. 

சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 31

வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம்.

ஏப்ரல் 6

சாமான் ஒதுக்குவது என்பது கொடுமை. ஒரு அலமாரியைத் திறந்தால் அரை நாள் போய்விடுகிறது. மகள் வீட்டில் எங்களுக்கு ஒரு அறை. ஒரு அறைக்குள் என்ன வைக்கமுடியும்?

இவருடைய அகராதிகளை இன்று தெருமுனை நூலகத்துக்குக் கொடுத்தேன். தலையணை கனத்துக்கு நான்கு. முதுகு பிய்ந்து, இவரே காடாத்துணி ஒட்டித் தைத்தவை. கொடுப்பதற்கு முன்னால் கேட்டேன், கேட்காமல் இல்லை. "இதைப் படிக்கிற பிள்ளைங்களுக்குக் கொடுத்துடலாமா? சும்மாதானே கிடக்கு." பீதி என்றார். அதே மெதுவான குரல். நூலகர் மகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது இவர் அந்த வெற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூசியில் நான்கு சதுரம். துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 8

என்ன ஆயிற்று இவருக்கு? நேற்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தையும் இல்லை. காபி கொண்டுபோய் வைத்தால் வைத்தபடி இருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது தடவை வருகிறதோ? அதன் அறிகுறியோ? டாக்டருக்குப் போன் செய்தேன், வரச் சொன்னார், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எல்லாம் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குத்தான் அதிகமாம். என்னை யார் பார்க்கச் சொன்னது?

வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன். அதையாவது சொல்லுங்களேன். எந்த வார்த்தைக்கு இப்படி ஏங்குகிறேன் பார்.

ஏப்ரல் 10

பேச்சு டீச்சர் ஒரு படத்தையும் வெளியே எடுக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள், வீட்டில் புதிதாக ஏதாவது நடந்ததா என்று. சொன்னேன். காலி செய்வது, சாமான் ஒதுக்குவது, அகராதி.

"சார்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம செய்வேனா? எல்லாம் கேட்டுத்தான் செஞ்சேன். சரின்னுதான் சொன்னாரு."

"எப்படிச் சொன்னாரு?"

"பீதின்னு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அந்தச் சின்ன அறையில் நான் சொன்ன பதில் எனக்கே திரும்பக் கேட்டது. போயிடலாமா என்று கேட்டேன். பீதி என்றார். நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்! தீ விபத்து என்று நானே அடித்துவிட்டேன். மழையா என்று கேட்கவில்லை.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாவம் இவள் என்கிற மாதிரி பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 11

நூலகத்துக்குப் போனேன். "கொடுத்ததைத் திருப்பித் தருவீங்களா?" என்று கேட்க நாக்கு கூசியது. நூலகருக்கு அதைவிடக் கூச்சம். நான்கிலும் முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றிவிட்டாராம். பொதுச்சொத்தாம்.

"ஆனா நீங்க உறுப்பினரா சேர்ந்தா எடுத்துட்டுப் போலாம் மேடம். ஒரு தடவைக்கு ரெண்டு. பதினஞ்சு நாள்ல கொண்டாந்து முத்திரை போட்டுக்கணும்."

சேர்ந்தேன். எங்கள் வீட்டு அகராதியை நானே இரவல் வாங்கி, இரண்டு கையிலும் இடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அவசரக்குடுக்கை, முந்திரிக்கொட்டை, இன்னும் என் அம்மா என்னைத் திட்டிய அத்தனையும்.

மடியில் வைத்தேன். முத்திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருப்பித் தரவேண்டிய தேதி ஒட்டியிருந்த சீட்டைத் தொட்டார். இடது ஓரம் மெல்ல ஏறியது. பிறகு ஒரே சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். நானும் அவரோடு சேர்ந்து, எதற்கு என்று தெரியாமல் அழுதேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதப் பார்க்கிறேன். அவசரப்படாமல்.

சாப்பாட்டுக்குப் பிறகு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஸ்டூலில் இரண்டு படம் வைத்தேன். ஒன்று மகள் வீட்டு வாசலில் எடுத்தது, இன்னொன்று இந்த அறையில் எடுத்தது. "எங்க இருக்கணும்? நீங்களே காட்டுங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்படித்தான் என்னால் சும்மா இருக்க முடியும்.

இவர் படங்களைப் பார்த்தார். இரண்டையும் தொடவில்லை. இடது கையால் அவற்றைத் தள்ளிவிட்டு, அந்தப் பெரிய அகராதியைக் காட்டினார். எடுத்து மடியில் வைத்தேன்.

ஒற்றைக் கையால் புரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால்தான் தெரியும். ஒரு பக்கத்தைப் பிடித்தால் பத்துப் பக்கம் சேர்ந்து வருகிறது. ம வரை போய்விட்டார், திரும்பினார். ந வந்தது. உச்சுக் கொட்டினார். என் கைகள் தொடைக்கு அடியில் துடித்தன. என்ன தேடறீங்க, சொல்லுங்க, எடுத்துத் தரேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பக்கத்தில் நிறுத்தினார். சுட்டுவிரல் மெல்ல மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தேன். பீதி: பெயர்ச்சொல். கட்டுக்கடங்காத பயம், பேரச்சம். அதன் கீழே ஓர் உதாரணம்: வதந்தியால் மக்களிடையே பீதி பரவியது.

நான் சிரிக்கப் போனேன். இவர் சிரிக்கவில்லை. அந்த விரலைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"பீதி" என்றார்.

காபியின் ராகம் இல்லை. ஜன்னல் இல்லை. எந்த ராகமும் இல்லை. அகராதியில் போட்டிருக்கிற அதே பீதி. மறுபடியும் வார்த்தையைத் தொட்டார், மறுபடியும் என்னைக் காட்டினார். உனக்கு.

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். இந்த வார்த்தையைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் ஒரே வாக்கியம்தான் வாயில் வருகிறது.

இவர் விரலை இறக்கவில்லை. காத்திருந்தார்.

அப்புறம் என்னவெல்லாம் கொட்டினேன் என்று முழுசாக நினைவில்லை. "ஆமாங்க, பீதிதான். செத்துப்போற பீதி. நான் குழாயைத் திறந்துவிட்டுக் குளிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? தண்ணி சத்தத்துல நீங்க விழற சத்தம் கேக்காமப் போயிடுமோன்னு, பக்கெட்டுல மொண்டு மொண்டு சத்தமில்லாம ஊத்திக்கிறேன். தாழ்ப்பாள் போடறதில்ல. கடைக்குப் போனா பாதி சாமானோட ஓடி வரேன். வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே எட்டிப் பாக்கறேன், உள்ள எப்படி இருக்கப்போறீங்களோன்னு. பாப்பா வீட்டுக்குப் போயிட்டா அந்த நேரத்துல நான் ஒருத்தி மட்டும் இருக்கமாட்டேன்ல? அதுக்குத்தான். உங்களுக்காக இல்ல. எனக்காக."

பிறகு, சொல்லவே கூடாது என்று நினைத்திருந்ததும் வந்துவிட்டது. "கடைசியா என்னைப் பாத்து நீங்க சொன்ன வார்த்தை இதுவா இருந்துடுமோன்னு..."

முடிக்க முடியவில்லை. இவர் எடுத்துக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அகராதியை மூடி ஸ்டூலில் வைத்தார். முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்கும் அதற்கே. இடது கையால் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். சட்டைக்குள் இதயம் அடிப்பது கேட்டது. வேகமாகத்தான் அடித்தது. இவரும் பயந்துதான் இருக்கிறார். என்னிடமிருந்து தொற்றிக்கொண்டதா, முதலிலிருந்தே இருந்ததா தெரியவில்லை. இத்தனை நாள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருக்கிறோம்.

எழுந்து முகம் கழுவிவிட்டு, இருந்த பாலில் காபி போட்டேன். கேட்கவில்லை, நானே போட்டேன். இதற்குமா கேட்பார்கள்?

ஏப்ரல் 14

குழாயைத் திறந்துவிட்டு, தலைக்குக் குளித்தேன்.

ஏப்ரல் 16

ஓட்ஸ் கஞ்சியையும் அவித்த முட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முட்டையைத் தொட்டார். மறுபடி வைத்தேன், இடம் மாற்றி. மறுபடி முட்டை. ஜனவரியிலிருந்து அந்தக் கஞ்சியைக் கிண்டிக் கிண்டிக் கொடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னது ருசியில் இல்லையாம்.

இன்சூரன்ஸ்காரரிடம் அன்று நிஜமாகவே என்ன கேட்டாரோ!

ஏப்ரல் 20, ஞாயிறு

மகள் மாப்பிள்ளையின் காரை எடுத்துக்கொண்டு வந்தாள், முதலில் துணிமணியையும் பாத்திரத்தையும் ஏற்றிப் போகலாம் என்று. நான் போனில் எதுவும் சொல்லவில்லை. "அப்பாகிட்ட நீயே நேர்ல கேளு" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"அவர்கிட்ட என்னத்தக் கேக்கறது? நீதானே சொல்லுவ" என்றாள் என்னைப் பார்த்து.

"இல்ல. அவரையே கேளு."

அப்பா முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "அப்பா, ரூம் ரெடிப்பா. ஜன்னல் பக்கமா கட்டில் போட்டிருக்கேன். என்கூட வரீங்கதானே?"

இவர் தலையாட்டினார், இல்லை என்று. மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஏம்ப்பா?"

இவர் வாயைத் திறந்தார். "பீ" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். உதட்டை மூடினார். எச்சில் விழுங்கினார். அப்படி ஒருநாளும் நிறுத்தியதில்லை. அந்த வார்த்தை தானாக வந்து விழும், இவர் விட்டுவிடுவார். இன்று அதைப் பிடித்து உள்ளே தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. 

"இ..." என்றார்.

"இப்பவே போலாமா?" என்றாள் மகள்.

நான் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன். நிஜமாகவே உள்ளங்கையால் பொத்தினேன். "சும்மா இருடி! பேசாதே!" என் மகளல்லவா, விடுவாளா? என் கைக்குள் இன்னும் ஏதோ முணுமுணுத்தாள்.

இவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தன் வலது முழங்காலைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கனமான பெட்டியை நகர்த்துகிறவர் மாதிரி மூச்சு வாங்கினார். காத்திருந்தோம். நான் எதையும் எண்ணவில்லை, எதையும் யூகிக்கவில்லை. என்ன வார்த்தை வரப்போகிறது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

"இங்க" என்றார்.

சொன்னது தன் காதில் விழுந்ததும் அவருக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "இங்க." நாற்காலியின் கையைத் தட்டினார்.

மகள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நான் அங்க இருந்துட்டு தினம் போன் மணி அடிச்சாலே செத்துப் பொழைக்கிறேம்ப்பா" என்றாள். அவளுக்கும்தான் இருந்திருக்கிறது. எங்கள் மூன்று பேரில் யார் யாருக்குக் கொடுத்தோமோ.

இவர் அவள் முடியைக் கோதிக்கொண்டே என்னைப் பார்த்து, மேலே போய்ச் சட்டென்று இறங்குகிற ராகத்தில், "பீதி" என்றார். காபிதானா என்று சந்தேகம். காபி டம்ளரையும் தண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்து காட்டினேன். டம்ளரைத் தொட்டார். காபிதான்!

சாயந்திரம் மகள் சும்மா கிளம்பவில்லை. அவருடைய இடது கைக்கு எட்டும் இடத்தில் ஒரு அழைப்பு மணிப் பொத்தான் வாங்கி மாட்டினாள். அழுத்தினால் எதிர்வீட்டில் அடிக்கும். இன்சூரன்ஸ்காரரிடம் எங்கள் வீட்டு மாற்றுச் சாவி ஒன்று. "ஒரு அழுத்து அழுத்துங்க சார், பறந்து வந்துடறேன்" என்றார். உடனே இவர் அழுத்திப் பார்த்தார். அவர் தன் வீட்டுக்கு ஓடி, மணி கேட்டதா என்று மனைவியைக் கேட்டு, மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தார். இவருக்கு ஒரே கொண்டாட்டம். அவர் தன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் மறுபடியும் அழுத்தினார்.

வீட்டு ஓனருக்குப் போன் செய்து, காலி செய்யவில்லை என்று சொன்னேன். "நல்லதாப் போச்சு, எனக்கும் வேற ஆள் அமையல" என்றார்.

மே 3

இதுவரை வந்த வார்த்தைகள்: இங்க. போதும். ஏய்.

"ஏய்" பேச்சு டீச்சர் சொல்லிக்கொடுத்தது இல்லை. நான் குவளை என்று எடுத்துக் கொடுத்தபோது, என்னைப் பார்த்துத் தானாக வந்தது. அவள் இவருக்குக் கைதட்டினாள்.

மே 19

மோசமான நாள். காலையிலிருந்து பழைய வார்த்தையைத் தவிர ஒன்றும் வரவில்லை. "இங்க"கூட இல்லை. கையிலிருந்த கரண்டியை வீசிவிட்டார். நான் பொறுக்கி எடுத்துக் கழுவினேன். இப்படியும் நாட்கள் வரும் என்று பேச்சு டீச்சர் முன்பே சொல்லியிருக்கிறாள். தெரிந்திருந்தாலும் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எனக்கும் பீதியா இருக்குங்க" என்றேன். தலையாட்டினார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஜூன் 10

பல் தேய்க்கும் பசை, நூல்கண்டு, தக்காளி வாங்கக் கடைக்குப் போனேன். வழியில் ஆபீசில் பக்கத்து இருக்கையில் இருந்தவளைப் பார்த்தேன். ரிட்டயர் ஆனதும் தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டாளாம், அடையாளமே தெரியவில்லை. பழரசக் கடை வாசலில் நின்றுகொண்டே பேசினோம். யார் யார் எங்கே இருக்கிறார்கள், யாருடைய மகனுக்கு யாருடைய மகளைக் கட்டினார்கள், அந்தப் பழைய மேனேஜருக்கு இப்போதும் அதே தொப்பையா. அவள் ஒரு கதையை ஆரம்பித்து நடு நடுவே மறந்து மறந்து சொன்னாள். கடைசி வரை அவளையே சொல்லவிட்டேன். நான் நினைத்திருந்ததைவிட நல்ல கதை.

வாங்க வேண்டிய மூன்றையும் வாங்கிக்கொண்டு நடந்தே வந்தேன்.

கதவைத் திறந்தபோது இவர் ஜன்னல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து. மின்விசிறியை ஒரு சுற்றுக் குறைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் தக்காளியைக் கழுவினேன். பாதி நறுக்கிய பிறகுதான் உறைத்தது. தூங்குகிறவர் மூக்கருகே வழக்கம்போல விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்காமலே உள்ளே வந்திருக்கிறேன்.

கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். இன்னும் இரண்டு தக்காளி இருந்தது. அதையும் நறுக்கினேன்.